ஐப்பசி பிறந்தால் கண் ஏன் சொக்குகிறது?

கார்த்திகை பிறக்கும் வாரத்தில் கம்பத்தில் சூரியன் மறையும் நேரம், கணக்குப்படி, மாலை 5.55-ஐ ஒட்டி. கண்ணால் பார்த்தால் இன்னும் முந்தியே இருட்டும். பள்ளத்தாக்கின் மேற்கே கம்பம்மெட்டும் குமுளி மலையும் நிற்பதால், அடிவாரத்து ஊர்களில் வெயில் அதற்கு வெகு நேரம் முன்பே மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஜூலையில் 6.45 வரை வெளிச்சத்தில் தெருவில் ஆடிய பிள்ளைகளை இப்போது ஐந்தரைக்கே வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள்.

ஆண்டிலேயே மிக முந்தி வருகிற அந்தி இதுதான். டிசம்பர் 21 அல்லவா என்று கேட்கத் தோன்றும். பகல் மிகக் குறுகியது டிசம்பர் 21-இல்தான். ஆனால் அன்று தேனியில் சூரியன் மறைவது 6.04-க்கு, நவம்பர் நடுவைவிடப் பத்து நிமிடம் பிந்தி. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சோ சாய்வு. இரண்டும் சேர்ந்து உச்சிப்பொழுதையே முன்னும் பின்னும் இழுக்கின்றன. நவம்பர் தொடக்கத்தில் உச்சிப்பொழுது சராசரியைவிடச் சுமார் 16 நிமிடம் முந்தி வரும். பிறகு நாள்தோறும் பின்வாங்கி, பிப்ரவரியில் சராசரிக்கு 14 நிமிடம் பிந்தி நிற்கும். லண்டனில் பகலின் நீளம் எட்டு மணிக்கும் பதினாறரை மணிக்கும் இடையே ஊசலாடுவதால் இந்தச் சிறு நகர்வு அங்கே பெரிதாகத் தெரிவதில்லை. வடக்கே 10 பாகையில் இருக்கும் தேனியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடம்தான். அதனால் இங்கே அந்தியின் நேரத்தை உச்சிப்பொழுதின் நகர்வே பெரும்பாலும் முடிவு செய்கிறது. விளைவு வேடிக்கையானது: இருட்டு முந்திக்கொள்வது ஐப்பசி, கார்த்திகையில், விடியல் பிந்துவது தை மாதத்தில். ஆண்டின் மிகப் பிந்திய சூரிய உதயம் ஜனவரி இறுதியில்தான், ஏறத்தாழ 6.43-க்கு.

வீட்டு வாசலில் வரிசையாக அகல் ஏற்றுகிற மாதமும் அதே கார்த்திகைதான். இதை வைத்து முன்னோர் வானியல் கணக்குப் போட்டார்கள் என்று எழுத எனக்குத் தயக்கம். விளக்கு தேவைப்படும் நேரத்தில் விளக்கு ஏற்றினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது பழைய தமிழ்க் கணக்கில் கூதிர். மேலை நாட்டார் மெழுகுவர்த்தி ஏற்றி, கம்பளி போர்த்தி, புத்தகத்தோடு முடங்கிக்கொள்ளும் பருவத்துக்கு நம்மிடம் உள்ள நேர் பருவம் அதுதான். ஆனால் இங்கே மரங்கள் நிறம் மாறி இலை கொட்டுவதில்லை. போடி வட்டாரத்து இலவமரம்கூட வடகிழக்குப் பருவமழை முழுக்கப் பச்சையாக நின்று, மழை ஓய்ந்து மண் காய்ந்த பிறகே இலையை உதிர்க்கிறது. அங்கே குளிருக்குப் பயந்து உதிர்ப்பது, இங்கே வறட்சிக்குப் பயந்து. தமிழ்நாட்டு ஆண்டு மழையில் பாதிக்குச் சற்றே குறைவானது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆடியில் கணவாய் வழியே ஊளையிட்ட காற்று அடங்கி, சுருளியிலும் கும்பக்கரையிலும் தண்ணீர் பெருகி, வனத்துறை குளிக்கத் தடை போடும் காலம் இது.

அப்படியானால் 'சற்று மெதுவாகப் போ' என்று இந்தப் பருவத்தில் உடம்பு சொல்வது உண்மையா, அல்லது அது வெளிநாட்டிலிருந்து வந்த மோஸ்தரா?

பெர்லினில் ஒரு மருத்துவமனையின் தூக்க ஆய்வகத்தில் 188 நோயாளிகளின் தூக்கத்தை அளந்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். கனவுகள் மிகுந்து, மூடிய இமைக்குள் விழிகள் ஓடும் தூக்கம், கோடையைவிடக் குளிர்காலத்தில் அரை மணி நேரம் கூடுதலாக இருந்தது. பெர்லின்வாசிகள் வெயிலைப் பார்ப்பதே அபூர்வமாகும் காலம் அது. நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நமக்கு அருகில் வரும் கணக்கு 2015-இல் வந்தது. தான்சானியாவின் ஹாட்ஸா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே என்று மின்விளக்கில்லாமல் வாழும் மூன்று சமூகங்களில், மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். அவர்கள் இருட்டியதும் படுக்கவில்லை. சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணி நேரம் கழித்தே உறங்கினார்கள். சானும் சிமானேயும் குளிர்மாதங்களில் கோடையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்கினார்கள். அவர்கள் உறக்கம் ஒளியைவிட நெருக்கமாக ஒட்டிச் சென்றது வெப்பத்தை. இரவின் வெப்பம் இறங்கும் போக்கில் தூங்கி, அது அடிமட்டத்தைத் தொடும் வேளையில் விழித்தார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இரவு வெப்பம் இறங்குவதற்குத் தனியொரு ஏற்பாடு உண்டு. வானம் வெளுத்த இரவுகளில் கிழக்கே மேகமலைச் சரிவும் மேற்கே ஏலமலைச் சரிவும் வேகமாகக் குளிர்கின்றன. அவற்றை ஒட்டிய காற்று கனத்து, ஓடைத் தடங்களைப் பிடித்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மழை விட்ட மறுநாள் இரவு மின்விசிறியை ஒரு புள்ளி குறைக்கச் சொல்லும் குரல் ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் எழும். தூக்கத்துக்குள் போகுமுன் உடம்பு தன் உள்வெப்பத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். உள்ளங்கை, பாதம் வழியாக வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் அந்த வேலை சுலபம். சித்திரையில் புரண்டு புரண்டு படுத்தவர் ஐப்பசியில் படுத்ததும் குறட்டை விடுவதற்குச் சோம்பல் காரணமல்ல.

இந்த வெப்ப ஏற்ற இறக்கத்தை நடத்தும் கடிகாரம் மூளையின் அடியில் இருக்கிறது. உடற்கடிகாரத்தை ஆராய்ந்தவர்களைச் சொன்னால் 2017-இல் நோபல் வாங்கிய மூன்று அமெரிக்கர்களை எல்லா நூலிலும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது தேனிக்காரர்கள் மதுரைக்குப் போகும்போதெல்லாம் பேருந்து ஜன்னல் வழியே பார்க்கும் இடத்தை: தேனி சாலையில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே விலங்கு நடத்தைத் துறையைக் கட்டி வளர்த்தவர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் எர்வின் பியூனிங்கிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவருக்கு, விலை உயர்ந்த கருவிகளைவிடப் பெரிய சொத்து ஒன்று பக்கத்திலேயே கிடைத்தது: கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கத்துக் குகைகள், அவற்றில் இலைமூக்கு வௌவால்கள்.

குகையின் உட்கோடியில் இரவும் பகலும் ஒரே இருட்டு. வெப்பமும் ஈரமும் ஏறக்குறைய மாறுவதில்லை. அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்து, அது எப்போது பறக்க எழுகிறது என்று பதிவு செய்தார்கள். பொழுது சாய்ந்ததை அது அறிய வழியில்லை. இருந்தும் நாள் தவறாமல் அந்தி வேளையில் கூண்டுக்குள் படபடத்தது. காரணம், அதே குகையில் தங்கியிருந்த சுதந்திர வௌவால்கள். அவை வாயிலுக்குப் போய் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இருட்டியதும் வெளியேறும். விடியலுக்கு முன் திரும்பும். அந்தப் போக்குவரத்தின் சந்தடியே கூண்டுக்குள் இருந்ததற்குக் கடிகாரம். கூட்டமில்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நாள் தன்போக்கில் நகர்ந்து, வெளியுலக நாளிலிருந்து விலகிப் போனது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981-இல் இதை வெளியிட்டார்கள். இன்னொரு சோதனையில் வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை அதே குகையில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு இந்தச் சந்தடி எடுபடவில்லை. சத்தம் மட்டும் போதாது. சொந்தக்காரர்களின் சத்தமாக இருக்க வேண்டும்.

பிறகு அதே துறை மனிதர்களையும் தனிமையில் வைத்தது. ஜெர்மனியின் ஆண்டெக்ஸில் யூர்கன் ஆஷோஃப் கட்டிய நிலவறையைப் போன்ற ஏற்பாடு. ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, வானொலி இல்லை, யாருடனும் பேச்சில்லை. தாமாக முன்வந்தவர்கள் வாரக்கணக்கில் அதற்குள் இருந்தார்கள். தோன்றியபோது விளக்கை அணைத்துப் படுத்து, தோன்றியபோது எழுந்தார்கள். அவர்கள் நாள் 24 மணியைத் தாண்டி நீண்டது. சிலருக்குத் தூக்கம் ஒரு பக்கமும் உடல்வெப்பத்தின் தாளம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தே போயின.

மனிதக் கடிகாரத்தைத் திருத்துவதில் முதலிடம் ஒளிக்குத்தான். வௌவாலுக்குச் சொன்னதை அப்படியே நமக்குச் சொல்லக் கூடாது. ஆனால் நம் கண்ணில் எப்போது ஒளி படும், எப்போது விளக்கு அணையும் என்பதைத் தீர்மானிப்பது யார்? பள்ளிக்கூட மணி, வேலை நேரம், பால்காரர், எதிர்வீட்டுத் தொலைக்காட்சி. அந்த அளவில் நாமும் குகையின் உட்கோடியில்தான் இருக்கிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் சந்தடி ஜீப்பில் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை இடுக்கி மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் காலம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்தச் சாலையில் நின்றாலும் விடியுமுன் வரிசையாக ஜீப்புகள் ஏறும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, இடுப்பில் கட்டிக்கொள்ள மடித்த பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு. ஜீப்பைப் பிடிக்க வேண்டுமானால் நான்கு மணிக்காவது எழுந்து சோறாக்க வேண்டும். சான்களும் சிமானேக்களும் விழிப்பதாகச் சொன்னேனே, இரவின் வெப்பம் அடிமட்டத்தைத் தொடும் நேரம், அதற்கும் முன்பே இந்த வீடுகளில் அடுப்பு எரிகிறது. உடம்பு கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்கும் பருவமும் ஏலத்தோட்டம் ஆளைக் கூடுதலாகக் கேட்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

இப்படிக் கழிக்கும் தூக்கத்துக்கு என்ன கணக்கு? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003-இல் ஒரு குழுவினரை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரமே படுக்க விட்டார்கள். இரண்டு வார முடிவில் அவர்களின் கவனமும் சுதாரிப்பும், ஓரிரு இரவு அறவே தூங்காதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தன. பயமுறுத்துவது அதுவல்ல. தூக்கக் கலக்கம் எப்படியிருக்கிறது என்று கேட்டபோது, முதல் சில நாளுக்குப் பிறகு 'பரவாயில்லை' என்றே சொன்னார்கள். "பழகிப்போச்சு" என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதன் ஆய்வுக்கூட வடிவம் இது. பழகுவது உணர்வு மட்டுமே. கையும் கண்ணும் பழகுவதில்லை. மலைச்சாலை ஓட்டுகிறவர் விஷயத்தில் இந்த வேறுபாடு சின்னதல்ல.

இந்த இடத்தில் திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமை, ஆண்டு முழுதும் பறிக்கலாம் என்பது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ஆனைமலையான்பட்டிப் பக்கம் ஒரு பந்தலில் பிஞ்சும் அடுத்த பந்தலில் பழமும் அதற்கடுத்ததில் வெறும் கொம்புமாகத் தொங்கும். பிறந்த நாட்டில் இந்தக் கொடி இலையுதிர்த்துக் குளிர் முடியும்வரை உறங்கும். இங்கே உறங்கச் சொல்லக் குளிர் இல்லை, விட்டால் பச்சையாகப் படர்ந்துகொண்டே இருக்கும், காய்க்காது. அதனால் கத்தரி அதைப் பிடித்து எழுப்புகிறது. கவாத்து பண்ணி, கொம்பில் சில கண்களை மட்டும் விட்டால், புதுத்துளிரில் பூ வந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம்.

அந்தத் துளிருக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? வெட்டிய கொடியில் இலை கிடையாது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்றே முதல் சில வாரம் வளர்கிறது. அந்தச் சேமிப்பு நடப்பது அறுவடை முடிந்து, பழமில்லாமல், இலை மட்டும் நிற்கும் இடைவெளியில். சந்தை விலை நன்றாக இருக்கிறதென்று அந்த இடைவெளியைச் சுருக்கிக் கத்தரியை வைத்தால் அடுத்த போகத்தில் குலை சிறுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நாட்களில் தோட்டம் சும்மா கிடப்பதுபோல் இருக்கும். கொடிக்கோ அதுதான் கடுமையான வேலைக்காலம். தூக்கமும் அப்படியே, பகலில் கற்றதை மூளை அடுக்கி வைப்பதும், பிள்ளைகளுக்கு வளர்ச்சிக்கான சுரப்பு மிகுவதும் சும்மா கிடக்கும் அந்த நேரத்தில்தான்.

தோட்டத்துக்காரர் கொடிக்குக் கொடுக்கும் இடைவெளியை வீட்டுக்குள் கொடுப்பது தீபாவளி. அதற்கும் ஐப்பசிதான் மாதம். ஊரே ஒரே விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் ஆண்டில் அது ஒன்றுதான்.

இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய். அதில் நாலு மிளகு, கொஞ்சம் சீரகம், வெந்தயம். மிளகு வெடிக்கும் ஓசை கேட்டதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் ஒரு குழி எண்ணெய் வைத்து அறைவார்கள். பிறகு கழுத்து, தோள். "திரும்பு, முதுகைக் காட்டு" என்று ஓர் அதட்டல். உள்ளங்கை முழுதும் படிய, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பெரும்பாலும் பாட்டி, அல்லது அம்மா, அல்லது அத்தை. அரைமணி ஊறிய பின் அரப்போ சீயக்காயோ, கொதிக்கக் கொதிக்க வெந்நீர். குளித்து வந்தவர் லேகியத்தை விழுங்கிவிட்டுச் சுவரில் சாய்ந்தால் கண் தானாக மூடும். "எண்ணெய் தேய்ச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கக்கூடாது" என்று அதற்கும் அதட்டல் வரும்.

இதில் இரண்டு அறிவியல் ஒளிந்திருக்கின்றன. முதலாவது வெந்நீர். உடல் சூடு தணியும் என்று சொல்லிக்கொண்டு சூடான தண்ணீரை ஊற்றுவது முரணாகத் தெரியும். சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன; குளித்து முடித்தபின் உள்வெப்பம் அவற்றின் வழியே வேகமாக வெளியேறுகிறது. உள்வெப்பம் இறங்கினால் தூக்கம் வரும் என்று மேலே பார்த்தோம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் 1999-இல் கண்டது: ஒருவர் எவ்வளவு சீக்கிரம் தூங்குவார் என்பதற்குச் சிறந்த அடையாளம் அவர் கைகால் கதகதப்பாக இருப்பது. 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், 40 முதல் 42.5 டிகிரி சூட்டு நீரில் படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குளித்தால் சராசரியாகப் பத்து நிமிடம் முந்தித் தூக்கம் பிடிக்கிறது என்றார்கள். முழுக் குளியல்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு வாளி வெந்நீரில் பாதத்தை வைத்தாலும் குழாய்கள் விரியும். பகல் தூக்கத்துக்குப் பாட்டி போட்ட தடையும் நியாயமே: பகலில் நீளமாகத் தூங்கினால் இரவுக்கான தூக்கப்பசி குறைந்துவிடும்.

இரண்டாவது கை. முடி முளைக்கும் தோலில் மெதுவாகச் செய்தி கடத்தும் ஒரு வகை நரம்பிழை உண்டு. முள் குத்தினால் ஓடிவரும் வேக நரம்பு அல்ல அது. சுவீடன் ஆய்வாளர்கள் தூரிகையால் மக்களின் கையை வெவ்வேறு வேகத்தில் வருடி, அந்த இழையின் துடிப்பைப் பதிவு செய்து 2009-இல் வெளியிட்டார்கள். நொடிக்கு ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை வருடினால் இழை மிகுதியாகத் துடிக்கிறது. அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால் அடங்குகிறது. எந்த வேகம் இதமாக இருந்தது என்று கேட்டபோது மக்களும் அதே வேகத்தைச் சொன்னார்கள். தோள் முதல் இடுப்புவரை முதுகை ஐந்தாறு நொடியில் இழுக்கும் பாட்டியின் கை இந்த வரம்புக்குள்தான் வருகிறது.

நம்மை நாமே வருடிக்கொண்டால்? 2019-இல் லிங்ஷோப்பிங்கில் ரெபெக்கா போமே குழுவினர் மூளைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பிறர் கையால் வருடியபோது மூளையின் பல பகுதிகள் விழித்தன. அதே கையைத் தானே வருடியபோது அவை அடக்கப்பட்டன. தன் அசைவை மூளை முன்கூட்டியே அறிந்து தள்ளுபடி செய்துவிடுகிறது; நம் அக்குளில் நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இதனால்தான். 'உன்னை நீயே கவனித்துக்கொள்' என்று வாசனை எண்ணெய் விற்கும் கடைகளுக்கு இது நல்ல சேதி அல்ல. எட்டாத முதுகுக்கு மட்டும் இன்னொருவர் கை தேவை என்று நினைத்திருந்தோம். எட்டுகிற இடத்துக்கும் தேவையாக இருக்கிறது.

ஆகவே ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணிடம் போய், இந்த ஐப்பசியில் கொஞ்சம் ஓய்வெடுங்கள், சீக்கிரம் படுங்கள், இரவில் காப்பிக்குப் பதில் சுக்கு மல்லி குடியுங்கள் என்றால், கடைசியானது மட்டுமே அவர் கையில் இருக்கிறது. காப்பியை விடுவது நல்லதுதான். படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பு குடிக்கும் காப்பி உடற்கடிகாரத்தையே நாற்பது நிமிடம் பின்னுக்குத் தள்ளுகிறது என்று 2015-இல் அளந்திருக்கிறார்கள். மற்றவை எல்லாம் வேறு யாரோ செய்ய வேண்டியவை. முதல் உலையை இன்னொருவர் வைத்தால் அரை மணி. வீட்டின் பெரிய விளக்கையும் தொலைக்காட்சியையும் ஒன்பதுக்கு அணைக்க எல்லோரும் ஒப்பினால் இன்னொரு அரை மணி. மீதி ஜீப்பிடம் இருக்கிறது. ஜூனில் தேனியில் சூரியன் உதிப்பது 6 மணிக்கு, ஜனவரி இறுதியில் 6.43-க்கு. வாசலில் ஹாரன் அடிக்கும் நேரம் மட்டும் இரண்டு மாதத்திலும் ஒன்றே. அதை அரை மணி தள்ளிவைக்க ஓட்டுநர் மட்டும் நினைத்தால் முடியாது. மேலே தோட்டத்துக் கங்காணியும், அவருக்கு மேலே முதலாளியும், பக்கத்துத் தோட்டத்து முதலாளியும் சேர்ந்து தள்ளிவைக்க வேண்டும்.